தையல் பிரிக்காத கடைசி அத்தியாயம்

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பத்துப் பக்கங்கள் வெள்ளை நூலால் தைக்கப்பட்டிருந்தன. ராஜபாளையம் மில்லில், கோன் சுற்றும் பிரிவில் என்னோடு வேலை பார்த்த மதினியின் தையல் அது. உறவு ஒன்றுமில்லை, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்துபோன அவரை மில்லே அப்படித்தான் கூப்பிட்டது. மாதாமாதம் தன் ஊர் பஸ் ஸ்டாண்டில் துப்பறியும் நாவலை வாங்கியதும், கடைசி அத்தியாயத்தை மில்லின் வேஸ்ட் நூலால் தைத்துவிடுவார். அவரோடு சேர்த்து நான்கு பேர் முறைவைத்துப் படிப்போம். மாதக் கடைசிச் சனிக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில், ஆளுக்கொரு கொலைகாரனைச் சொன்ன பிறகு மதினி தையலைப் பிரித்து உரக்க வாசிப்பார். நான் மூன்று பேரைச் சொல்லி மாற்றி மாற்றி, கடைசியில் தப்பாகவே சொல்வேன். அதில் எனக்குப் பெரிய வருத்தமும் இருந்ததில்லை.

ஒரு மாதம் அட்டையிலேயே போட்டுவிட்டார்கள், எல்லா நாவலிலும் வரும் துப்பறிவாளருக்கு இதுதான் கடைசி வழக்கு என்று. அவர் சாகப்போகிறார் என்று மில்லில் பேச்சு. மதினி கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவரைப் படித்தவர். கணவர் இறந்த மாதத்தில்கூட ஒரு புத்தகத்தை விட்டதில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. தனியாக ஒன்று வாங்கி, பஸ்ஸுக்கு நின்றபடியே முடிவைப் படித்துவிட்டேன். அவர் சாகவில்லை. மேசையைப் பூட்டிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

அந்தச் சனிக்கிழமை எல்லோரும் கொலைகாரனைச் சொல்லி முடித்ததும் மதினி தையலில் கைவைத்தார். பிறகு பிரிக்காமலே புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பயத்தில்தான் என்று நினைத்தேன். சாகவில்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் என் திருட்டுத்தனம் தெரிந்துபோகும். பேசாமல் இருந்துவிட்டேன். அந்த வெட்கம் இத்தனை வருஷமும் போகவில்லை.

மதினி வேலையை விட்டுப் பத்து வருஷமாகிறது. போன மாதம் அவர் வீட்டுக்குப் போனபோது அலமாரியில் அந்தப் புத்தகம் தையலோடு இருந்தது. மனசு கேட்காமல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், துப்பறிவாளர் சாகவில்லை என்பதையும். மதினி காபியை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

“தெரியும்ட்டி. எப்பவும் மூணு பேரு சொல்லுறவ, அன்னைக்கு ரோசிக்காம ஒரே பேரைச் சொன்னே. அப்பவே நீ படிச்சிட்டேன்னு தெரிஞ்சிக்கிட்டேன். நம்ம ஆளு செத்திருந்தா உனக்குச் சோறு எறங்கிருக்காது. நீ தூக்குச்சட்டியை வழிச்சுல்லா தின்னே.”

பிறகு ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டேன்.

“உசுரோட இருக்காருல்ல. அம்புட்டுப் போதும்.”

குடையோடு வீட்டுக்குப் போனதைச் சொல்ல வாயெடுத்தேன். மதினி கையைக் காட்டி நிறுத்தினார். புத்தகத்தை எடுத்து, தளர்ந்திருந்த தையலில் இன்னொரு முடிச்சுப் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.