பாயின் வைரக்கல்லும் என் பட்டிழையும்

என் பட்டைக் கஞ்சி என்று சொன்னார் சைபுல்லா பாய். அதுவும் வாங்க வந்தவர் காது கேட்க. இத்தனை வருசம் ஆகியும் அது எனக்கு ஆறவில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் மிளகாய் மண்டிக்கு மாடியில் ஒரு சின்ன லேப் இருந்தது. துணி, நூல், பிளாஸ்டிக் எதைக் கொடுத்தாலும் பாய் சோதித்துச் சொல்வார். எனக்கு இளம்பிள்ளை ஊரில் நாலு தறி. ஜவுளிக்கடை சரவணமுத்து தீபாவளிக்குப் பட்டுச் சேலை கேட்டிருந்தார். "ஒரு தடவை பார்த்துக்கலாமுங்க தனபாலு" என்று என்னையும் கூட்டிக்கொண்டு அந்தப் படி ஏறினார். சுத்தப் பட்டு, எனக்கென்ன பயம்?

பாயிடம் இருந்தது இன்ஃப்ராரெட் மிஷின். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தைப் பாய்ச்சி, பொருள் இன்னதென்று கம்ப்யூட்டரில் கோடு போட்டுக் காட்டும். அதன்மேல் மாட்டுகிற ஒரு சாமானில் மிளகளவு வைரக்கல், அதற்கு மேலே ஒரு திருகு. சேலை ஓரத்தில் ஓர் இழையை உருவிக் கல்லின்மேல் வைத்துத் திருகினார்.

"பட்டைக் காணலியே. மாவுன்னுல்ல காட்டுது?" என்றார்.

"யோவ் பாய், அது ஜவ்வரிசிக் கஞ்சி! கஞ்சி போடாம எந்த ஊர்லய்யா தறியில பாவு நூல் ஓடும்?" என்று கத்தினேன்.

பாய்க்கு முகம் சுருங்கிப்போனது. "அட ஆமா. இந்தக் கல்லு மேல்தோலைத்தான் பார்க்கும்" என்று இழையை வெந்நீரில் அலசிக் காயவைத்து மறுபடி வைத்தார். இப்போது கோட்டில் ரெண்டு முகடு ஒட்டி ஒட்டி நின்றது. பட்டுக்கு அப்படித்தானாம். நின்று பார்க்கச் சரவணமுத்து அங்கே இல்லை, படி இறங்கிவிட்டார். சரியான ரிப்போர்ட்டைக் கடைக்கே கொண்டுபோய்க் காட்டினேன்.

"பாயைச் சரிக்கட்டிட்டீங்களாக்கும்" என்று சிரித்தார்.

ஆர்டர் கைவிட்டுப் போனது. கஞ்சிப்பட்டு தனபால் என்ற பேர் கடைவீதியில் நின்றுவிட்டது. அதற்கப்புறம் எந்தக் கடைக்காரரும் லேப் பேப்பர் இல்லாமல் என் சேலையைத் தொடவில்லை. பிடிக்காவிட்டாலும் பாய் படியைத்தான் ஏறவேண்டி வந்தது.

ஏறி ஏறி ஆள் பழகிவிட்டார். மண்டி மிளகாய் நெடியில் நான் தும்முவேன், அவருக்கு ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு தடவையும் கல்லை ஸ்பிரிட்டில் துடைத்து, வெறுங்கல்லை முதலில் பார்ப்பார். "இல்லேன்னா முன்னாடி வந்தவன் அழுக்கு உங்க நூல்ல ஏறிக்கும்" என்பார். இழையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு மருந்து உப்போடு அரைத்து, கண்ணாடிச் சில்லு மாதிரி அழுத்திப் பார்க்கிற இன்னொரு சாமானும் வைத்திருந்தார். மழைக்காலத்தில் அந்த உப்பு ஈரம் குடித்துவிடும். நாமக்கல் பண்ணையில் கோழிக்குஞ்சுக்குப் போடுவதுபோல அதற்கு ஒரு பல்பு போட்டு வைப்பார்.

ஒரு பக்ரீத்துக்கு அவர் வீட்டு பிரியாணியைத் தின்றுவிட்டு, அலசிக் காயவைத்த நூலை அதே கையால் நான் எடுத்துக் கொடுத்தேன். கோட்டைப் பார்த்து, "தனபாலு, சேலைக்கு நெய் ஊத்தினீங்களா?" என்றார். ரெண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

ஒன்று சொல்லவேண்டும். அந்தத் தீபாவளிக்குப் பிறகு, யார் நூலானாலும் அலசிக் காயவைத்துப் பார்க்காமல் பாய் வாயைத் திறந்ததில்லை. அவசரப்படுத்தினால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். ஆனால் அன்றைய கஞ்சிப் பேச்சை என்னிடம் அவர் எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை.

போன மாசம் பாய் மௌத்தாகிவிட்டார். லேப் முன்பே மூடியாச்சு. இப்போதும் மிளகாய் நெடி அடித்தால் அந்த மாடி ஞாபகம்தான். என் தறியில் இப்போது ஓடுகிற அரக்குச் சேலை, கடைசியாக நான் அவரைப் பார்க்கப் போனபோது பேசியது. படுத்தபடியே கேட்டார்.

"என் மக அஃபீபா நிக்காவுக்கு ஒரு சேலை வேணும் தனபாலு."

"டெஸ்டுக்குச் சாம்பிள் கொண்டாரட்டுங்களா பாய்?" என்று குத்தினேன்.

"வேணாம். கஞ்சியோடவே கொண்டாங்க" என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆனா நேரா வீட்டுக்கு வந்துடாதீங்க. கூட்டம் இருக்கற நேரமாப் பார்த்து சரவணமுத்து கடைக்குப் போங்க. எல்லாரும் பார்க்கப் பிரிச்சுக் காட்டுங்க. யாருக்குன்னு கேப்பாரு. சைபுல்லா பொண்ணுக்கு, டெஸ்ட் பண்ணாம வாங்கினதுன்னு சத்தமாச் சொல்லிட்டு வாங்க."