வேலிக்குள் போன வாய்க்கால்

அழுகிய நெற்பயிரின் நாற்றம் உங்களுக்குத் தெரியுமா? செத்த எலியின் நாற்றம் இரண்டொரு நாளில் போய்விடும். இது போகாது. சேலையில் ஒட்டும், தலைமயிரில் ஒட்டும், கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தால் அங்கேயும் நிற்கும். அந்த மாரியில் எங்கள் ஊர் முழுக்க அப்படித்தான் நாறியது. இன்றைக்கும் யாராவது என் முன்னால் இருந்துகொண்டு, "அந்த நேரத்திலை எங்கடை சனம் என்ன ஒற்றுமை" என்று தொடங்கினால் எனக்கு அந்த நாற்றம்தான் மூக்கில் ஏறுகிறது. கண்டறியாத ஒற்றுமை!

நான் கல்யாணமாகிப் போனது உடுப்பிட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஊருக்கு. அக்கா எனக்கு முன்னமே அந்த ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அத்தான் ஷெல் விழுந்து செத்தபிறகு அவளுக்கென்று மிஞ்சியவை இரண்டு பிள்ளைகளும், ஊரின் பள்ளத்தில் இருந்த ஒரு துண்டு வயலும். பொருளாதாரத் தடை இறுகியிருந்த காலம். மண்ணெண்ணெய் இல்லாமல் தண்ணீர் இறைக்கிற மிஷின்கள் சாக்கால் மூடிக் கிடந்தன. வெங்காயமும் மிளகாயும் நின்ற தோட்டங்களில் புல் நின்றது. கப்பல் வந்தால் சங்கக்கடையில் அரிசி, வராவிட்டால் காற்று. மழையை நம்பி விதைக்கிற நெல் ஒன்றுதான் மிச்சம். அது விளைந்தால் அக்காவின் பிள்ளைகளுக்கு வருடம் முழுக்கச் சோறு.

மழை வேண்டும், ஆனால் மழை கூடினால் பள்ளத்து வயல்களில் தண்ணீர் நின்றுவிடும். அந்தத் தண்ணீர் வடியத்தான் வெள்ளவாய்க்கால். வயல்களின் முடிவில் தொடங்கி, வீட்டு வளவுகளுக்கு நடுவால் ஓடி, கடல்நீரேரியில் போய் விழும். ஒரு காலத்தில் மாட்டுவண்டில் போகிற அகலம் இருந்ததாம். நான் போனபோது ஒரு கன்றுக்குட்டி உள்ளே இறங்கினால் திரும்பிவர இடமில்லை.

இடம் எங்கே போனது? வேலிக்குள் போனது. எங்கள் ஆட்களின் வேலியைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கதியால் என்பது கிளுவைத் தடி. நட்டால் வேர்விட்டு மரமாகிவிடும். வேலி அடைக்கும்போது பழைய கதியாலுக்கு வெளியே ஒரு சாண் தள்ளிப் புதியதை நடுவார்கள். அடுத்தமுறை இன்னொரு சாண். இதற்கு வேலி அரக்குவது என்று பெயர். அயல்வீட்டுக்காரன் காணிக்குள் அரக்கினால் அவன் கத்தியோடு வருவான். வாய்க்காலுக்கு வாயா இருக்கிறது? இரண்டு கரையிலும் இருந்து அதைத் தின்றார்கள். தின்றவர்கள் எல்லாரும் வெள்ளிக்கிழமை மீன் மச்சம் தொடாத ஆட்கள்.

வயல்கள் முடிந்து வாய்க்கால் தொடங்குகிற வாயில் இருந்த முதல் வளவு யாருடையது என்று நினைக்கிறீர்கள்? என் மாமனாருடையது. ஊர்ச் சங்கத்தின் தலைவரும் அவர்தான்.

அந்த ஆவணியில் வாசிகசாலையில் கூட்டம் வைத்தார்கள். தலைவர் ஆசனத்தில் மாமா. தோளில் சால்வை. "வெள்ளம் வருமுன்னம் அணை கோலவேணும் எண்டு எங்கடை மூத்த ஆக்கள் சும்மாவே சொன்னவை?" என்று தொடங்கினார். கப்பலை நம்பக் கூடாது, வானத்தை நம்பக் கூடாது, எங்கள் கையை நம்பவேண்டும், ஊர் சேர்ந்து நின்றால் பஞ்சம் கிட்ட வராது என்று நல்ல வடிவாகப் பேசினார். மாமாவின் பேச்சில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அவருடைய வேலியில்தான்.

அப்போது அக்கா பெண்கள் பக்கத்தில் இருந்து எழும்பினாள். சபையில் பெண்கள் எழும்பிக் கதைப்பது அந்த ஊரில் வழக்கமில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ரை வீட்டிலை இருக்கிறது விதைநெல்லு மட்டுந்தான்," என்றாள். "நீங்கள் வாய்க்காலை வெட்டித் தருவியள் எண்டால் அதை விதைப்பன். இல்லையெண்டால் இப்பவே சொல்லுங்கோ. பிள்ளையளுக்குக் குத்தி அவிச்சுக் குடுத்திடுவன்."

"என்ன பிள்ளை கதைக்கிறாய்? விதைநெல்லை ஆரும் தின்னுவினமே?" என்று மாமா பதறினார். "நான் சொல்லுறன். நீ பயப்பிடாமல் விதை." அவருக்கு அடுத்த வளவுக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார், உடனே எழும்பி ஆமோதித்தார். சீனி இல்லாத நாட்கள். பனங்கட்டி கடித்துக்கொண்டு பிளேன் ரீ குடித்தார்கள். அக்கா வீட்டுக்கு வந்து நெல்லைப் புடைத்து வைத்தாள். புழுதியில் உழுது, ஒரு மணி மிச்சம் வைக்காமல் விதைத்தாள்.

வாய்க்கால் வெட்டுகிற நாளும் வந்தது. குறை சொல்லக் கூடாது, வீட்டுக்கொரு ஆள் வந்தார்கள். மண்வெட்டியும் கடகமுமாக வந்தார்கள். காலையில் இருந்து வேலை நடந்தது. பழைய சாக்கு, செத்த கோழி, உடைந்த சட்டி, பிள்ளைகளின் மலத்துணி, என்ன கறுமமெல்லாம் அதற்குள் கிடந்ததோ, அவ்வளவையும் அள்ளினார்கள். நடுவில் ஹெலிகொப்டர் ஒன்று வந்தது. எல்லாரும் வாய்க்காலுக்குள் குப்புறப் படுத்தார்கள். படுக்க இடம் காணாமல் ஒருவருக்கு மேல் ஒருவர் கிடந்தார்கள். ஆள் படுக்கவே இடமில்லாத வாய்க்காலால் வெள்ளம் எப்படிப் போகும் என்று அந்த நேரத்திலாவது ஒருவனுக்கு மூளையில் தட்டியதா? ஹெலி போனதும் எழும்பித் தட்டிவிட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

மத்தியானம் நான் தேத்தண்ணீர் கொண்டு போனேன். அப்போதுதான் பார்த்தேன். வெட்டுகிற மண்ணை எங்கே போட்டுக்கொண்டிருந்தார்கள் தெரியுமா? அவரவர் வேலியடியில். நல்ல வண்டல் மண் வீணாய்ப் போகக்கூடாதாம். வாய்க்கால் பக்கமாகவே கதியால் அடிக்கு அணைத்து, மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டி, அதன்மேல் காலால் மிதித்து இறுக்கினார்கள். மாமா அலவாங்கால் துளை போட்டு, அந்தப் புது மண்ணிலேயே இரண்டு மூன்று இளங்கதியால்களும் ஊன்றினார். ஆழம் கொஞ்சம் கூடியது உண்மைதான். அகலம் முன்னிருந்ததிலும் குறைந்தது. சிரமதானம் செய்து வாய்க்காலை ஒடுக்கிய சனம் உலகத்தில் வேறெங்காவது இருக்கிறதா?

இவரிடம் சொன்னேன். "இஞ்சாருங்கோ, உங்கடை அப்பா செய்யிற வேலையைப் பாத்தனீங்களே? வேலியைப் பின்னுக்கு எடுக்காமல் என்ன வாய்க்கால்?"

"நீர் உதுக்குள்ளை தலையைப் போடாதையும். நான் அப்பாவோடை கதைக்கிறன்," என்றார். பிறகு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்கப் போனார். உலகத்துச் செய்தி முழுக்கத் தெரியும். அப்பாவோடு மட்டும் கதைக்க வராது.

ஐப்பசியில் பயிர் நல்ல பச்சையாக நின்றது. அக்கா பின்னேரங்களில் வரம்பில் போய் நின்று பார்ப்பாள். கார்த்திகையில் மழை பிடித்தது. இரவு பகல் விடவில்லை. வயலில் முதலில் பயிரின் நுனிகள் தெரிந்தன. பிறகு அதுவும் தெரியவில்லை. வாய்க்கால் வாயில், மாமாவின் வேலியடியில், சருகும் ஓலையும் அடைத்து, தண்ணீர் கறுத்த நுரையோடு சுற்றிக்கொண்டு நின்றது.

அக்கா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தாள். படலைக்கு வெளியிலேயே நின்றாள்.

"மாமா, பயிர் தண்ணிக்கை தாண்டு ரெண்டு நாளாச்சு. இண்டைக்குத் தண்ணி வடிஞ்சால் தப்பும். வேலியிலை ஒரு பொட்டுப் போட விடுங்கோ, தண்ணி போக ஒரு ஓட்டை காணும்."

மாமா சாய்மனைக் கதிரையில் இருந்து எழும்பவில்லை. "வீட்டிலை ஒரு குமர்ப்பிள்ளை இருக்கு. வேலியைப் பிரிச்சுப்போட்டு நான் என்ன செய்யிறது? போறவன் வாறவனெல்லாம் உள்ளுக்கை பாப்பான். மழை விடட்டும் பிள்ளை, யோசிப்பம்."

மழை விட்டபிறகு பொட்டு எதற்கு? தோரணம் கட்டவா? அந்தக் குமர்ப்பிள்ளை, என் மச்சாள், குசினி வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். பாவம், நாள் முழுக்க அந்த வேலி ஓட்டையால் ஒழுங்கையால் போகிற சனத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளை. உள்ளே போனாள். கத்தியைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள்.

நானும் அக்காவும் கொட்டுகிற மழையில் கதியால்களை வெட்டினோம். மாமி வாசலில் நின்று, "ஐயோ, வேலியை வெட்டிறாளவை! குடும்பத்தை நாசமாக்க வந்தவள்!" என்று கத்தினாள். வெட்டிய பொட்டால் தண்ணீர் பாய்ந்தது. அணைத்து வைத்த மண்ணெல்லாம் கரைந்து போனது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓடுதடி, ஓடுது!" என்றாள். நானும் சிரித்தேன்.

ஓடின தண்ணீர் வாத்தியார் வேலியில் போய் முட்டி நின்றது. அங்கேயும் புது மண், புதுக் கதியால். வாத்தியார் குடையோடு உள்ளே நின்றார். "உங்கடை வெள்ளத்தை என்ரை வளவுக்கை விடாதேங்கோ! நான் சொல்லிப்போட்டன்!"

"வாத்தியார், நீங்களும் கொஞ்சம் திறந்தால்..." என்று அக்கா கெஞ்சினாள்.

"எனக்குக் கீழை உள்ளவன் திறக்கட்டும். பிறகு பாப்பம்."

கீழே இருந்தவன் தனக்குக் கீழே இருந்தவனைக் காட்டினான். கடைசி வேலி வரைக்கும் இப்படித்தான். ஆமோதித்தவர்கள் அத்தனை பேரும் தங்கள் தங்கள் வேலிக்குக் காவல் நின்றார்கள். ஒருவர்கூட மழையில் நனைந்து வெளியே வரவில்லை. தூ! தண்ணீர் வந்த வழியே பின்னுக்குத் திரும்பி, மறுபடியும் வயலுக்குள் ஏறியது.

வெள்ளம் தானாக வடிய மார்கழி ஆனது. வயலில் பயிர் கறுத்துச் சேற்றோடு ஒட்டிக் கிடந்தது. கையால் தூக்கினால் வேரோடு வழுகி வந்தது. அக்கா அதை ஒரு முறை தூக்கிப் பார்த்தாள். பிறகு கையை சேலைத் தலைப்பில் துடைத்தாள், துடைத்தாள், துடைத்துக்கொண்டே நின்றாள். அந்த நாற்றம்தான் நான் சொன்ன நாற்றம்.

தையில் மாமா ஒரு மூட்டை நெல் அக்காவுக்கு அனுப்பினார். மேட்டுக் காணியில் விளைந்தது. சும்மா அனுப்பவில்லை, வண்டிலில் ஏற்றி, கோயிலடியால் சுற்றி, ஊர் பார்க்க அனுப்பினார். "விதைக்கு வைச்சுக்கொள் பிள்ளை. வாற வருஷம் எல்லாம் சரி வரும்," என்று சொல்லியும் விட்டார். மனுசன் தங்கம் என்றது ஊர். ஆடு நனையுது என்று ஓநாய் அழுததாம்.

அதே தையில்தான் வெட்டின வேலியை மீண்டும் அடைத்தார். கரைந்த மண்ணுக்கடியில் இருந்து பழைய எல்லைக்கல் ஒன்று வெளியே வந்திருந்தது. வேலி நின்ற இடத்துக்கு நல்லா உள்ளே, வளவுக்குள். மாமா அதைக் கண்டதும் பக்கத்தில் கிடந்த கடகத்தை எடுத்து அதன்மேல் கவிழ்த்துவிட்டார். வேலை செய்ய வந்த ஆட்கள் வானத்தைப் பார்த்தார்கள். அக்கா அன்றைக்கு வெறும் சாக்கைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். சாக்குக்கும் தட்டுப்பாடான காலம்.

"பிள்ளை, இந்தக் கயித்தின்ரை தலைப்பை ஒருக்கா அங்காலை பிடி," என்றார் மாமா. வேலிக்கு நேர் பிடிக்கிற கயிறு.

அக்கா கயிற்றை வாங்கினாள். கடகத்தைக் காலால் தள்ளிவிட்டு, கல்லின்மேல் ஏறி நின்று பிடித்தாள்.

"அங்கை இல்லைப் பிள்ளை."

"இஞ்சைதான் மாமா."

மாமா தன் பக்கத்துத் தலைப்பைக் கீழே போட்டார். "இண்டைக்கு நாள் சரியில்லை," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மறுநாள் காலையில் நான் முகம் கழுவப் போகையில் கல் அங்கே இல்லை. கல் இருந்த குழி மூடிக் கிடந்தது. இரவோடிரவாக அடைத்த வேலி முன்னிருந்ததைவிட ஒரு சாண் தள்ளி, வெள்ளம் கொண்டுவந்து போட்ட புது வண்டலில் நின்றது. அந்தக் கதியால்கள் நல்லாய்த் துளிர்த்தன.

ஆவணி வந்தது. வாசிகசாலையில் கூட்டம். அதே சால்வை, அதே அணை கோலுகிற பழமொழி. மாமா பேசி முடித்து, யார் யார் எவ்வளவு விதைக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். அக்காவின் முறை வந்தது.

"நான் விதைக்கேல்லை மாமா."

"ஏன் பிள்ளை? நான் தந்த விதைநெல்லு?"

அக்கா எழும்பினாள். இந்த முறை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் நிலத்தைத்தான் பார்த்தார்கள்.

"அவிச்சுக் குடுத்திட்டன். என்ரை பிள்ளையளின்ரை வயித்துக்கை போட்டதை உங்கடை வெள்ளம் கொண்டு போகாது."