தேன்மொழியின் ஃபீஸ் ரசீது

சித்தூருக்கு வெளியே ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் இருபத்திரண்டு வருஷம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். சம்பளத்தில் வருமான வரி பிடிப்பது என் வேலை. தேன்மொழியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோபம் அவள்மேல் இல்லை.

கங்காதர நெல்லூர் பக்கத்துக் கிராமம் அவளுக்கு. அப்பா கிருஷ்ணப்பா அடுத்தவர் தோப்பில் மாங்காய் பறித்து, கூடை சுமந்தே கிழவரானவர். இன்டர், அதாவது பிளஸ் டூ, பாஸ் பண்ணிய மகளை மேலே படிக்கவைக்க அவருக்கு வழியில்லை. கல்யாணம் செய்து கொடுத்தார். மாப்பிள்ளை சிரஞ்சீவி சென்ட்ரிங் வேலைக்கென்று பெங்களூருக்குப் போனான். அவன் அனுப்பும் பணம் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. தொண்ணூறுகளில் கூழ் கப்பலேறத் தொடங்கி ஊரைச் சுற்றி ஆலைகள் முளைத்தபோது தேன்மொழி பழம் கழுவ வந்தாள். நாலே வருஷத்தில் அவளை லேபுக்கு மாற்றினார்கள். இனிப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று அவள் சொன்னால் சொன்னதுதான்.

பிறகு வெளிநாட்டு ஆடிட்டர்கள் வந்தார்கள். டிகிரி இல்லாதவர் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடக்கூடாது என்றார்கள். ஹரிபாபு என்ற பட்டதாரி வந்து உட்கார்ந்தான். சோதிப்பது அவள், கையெழுத்து அவன், சம்பளம் அவனுக்கு இரண்டு மடங்கு.

தேன்மொழி யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. முப்பத்தெட்டாவது வயதில் சித்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர்ந்தாள். காலையில் வகுப்பு, மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட். அரசாங்கம் தரும் ஃபீஸ் சலுகைக்கு வயது தாண்டிவிட்டது என்று கைவிரித்தார்கள். ஓவர்டைம் செய்து தானே கட்டினாள். மூன்றாவது வருஷம் அந்த ஓவர்டைமே அவளை வரி கட்டுகிறவர்கள் பட்டியலில் கொண்டுவந்து தள்ளியது.

ஹரிபாபு ஜூனில் ஹைதராபாத் போவதாக இருந்தான். டிகிரி முடித்திருந்தால் அந்த இடம் தேன்மொழிக்குத்தான் என்று மேனேஜர் வேதாச்சலம் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் பிப்ரவரிச் சம்பளத்தில் வரி பிடித்தால் கடைசி வருஷப் பரீட்சைக்குக் கட்டப் பணம் மிஞ்சாது. கடைசித் தேதி மார்ச் ஐந்து. படிப்புக்குக் கட்டிய ஃபீஸைக் காட்டினால் வரி விழாது என்று லேபில் யாரோ சொல்ல, ரசீதை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"இது யாருக்குக் கட்டின ஃபீஸ்மா?" என்றேன்.

"எனக்குத்தான் சார். பேரு போட்டுக்கீதே."

"பசங்களுக்குக் கட்டினாத்தான் வரிக் கணக்குல கழிக்க முடியும். தனக்குத்தானே கட்டிண்டா வராது. கடன் வாங்கிப் படிச்சிருந்தா வட்டியையாவது கழிச்சிருக்கலாம்."

"கடன் வாங்காம என் காசுல கட்டனது தப்பா சார்?"

எனக்கு அப்போதே வாயை மூடிக்கொள்ளத் தெரியவில்லை. சட்டம் தெரிந்தவன் என்ற திமிர். "உங்கப்பா கட்டி, அவர் வரி கட்டறவரா இருந்தா, அவர் கழிச்சுக்கலாம். மகளுக்கு வயசு வரம்பெல்லாம் கிடையாது" என்றேன்.

அவள் ரசீதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"எங்க நைனா வரி கட்ற அளவுக்கு சம்பாரிச்சிருந்தா நான் அப்பவே படிச்சி முடிச்சிருப்பேன் சார். இந்த வயசுல உங்க எதிர்ல ஏன் வந்து நின்னுக்கினு இருக்கப்போறேன்?"

என் அப்பாவுக்குத் திருப்பதியில் மாதச் சம்பளம். பதினேழு வயதில் இஸ்திரி போட்ட சட்டையோடு கல்லூரிக்குப் போனவன் நான். இப்போது என் பையனின் இன்ஜினியரிங் ஃபீஸை வருஷா வருஷம் கழித்துக்கொள்கிறேன். குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னேன்.

"உன் பொண்ணு பத்மினி படிக்கிறாளோல்லியோ? அவ பேர்ல ரசீதை மாத்தி வாங்கிண்டு வா. நான் பாஸ் பண்ணிடறேன். பாதிப் பேர் அப்படித்தான் பண்றா."

நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

"லேப்ல டெஸ்ட் பண்றது நானு, கையெழுத்து அவனுது. மூணு வருஷமா என்னை ஆன்ட்டின்னு கூப்புட்ற பசங்களோட கடைசி பெஞ்சில குந்திக்கினு படிச்சது நானு. அதுலயும் வேற பேரு போடணுமா? வோணாம் ராம்பிரசாத் சார். பிடிச்சிக்கோங்க."

பிடித்தேன். அட்வான்ஸ் கேட்டு வேதாச்சலத்திடம் போனாள். "ரூல்ஸ் லேது அம்மா" என்று, விதியில் இடமில்லையென்று தெலுங்கில் சொல்லி அனுப்பிவிட்டார். அதே நாளில் அந்த மனுஷனின் வரிப் படிவமும் என் மேஜைக்கு வந்தது. ஊட்டியில் படிக்கும் இரண்டு மகன்களின் ரசீதுகள், வழவழவென்ற தாளில். கேள்வி கேட்காமல் பாஸ் பண்ணினேன். அதுவும் சட்டப்படி சரிதான். என் கையிலிருந்து அந்தப் பணத்தைக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்கு அது தோன்றியபோது மார்ச் ஆறாம் தேதி ஆகியிருந்தது. மூளை கெட்டவன்.

அவள் பரீட்சை எழுதவில்லை. ஜூனில் வேதாச்சலத்தின் மைத்துனி மகன் சிட்டிபாபு லேப் இன்சார்ஜ் ஆனான். ஆர்டரை டைப் அடித்தவன் நான்தான்.

அடுத்த வருஷம் பரீட்சை எழுதி முதல் வகுப்பில் தேறினாள். சான்றிதழின் நகலை என் மேஜையில் வைத்துவிட்டு, ஃபைலில் சேர்க்கச் சொன்னாள்.

"இப்போ இடம் ஒண்ணும் காலி இல்லியேம்மா."

"தெரியும் சார். என் பேரு எங்கனா ஒரு காயிதத்துல இருக்கட்டும்."

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள். அன்று மாலை ஏற்றுமதிக் கூழின் லேப் ரிப்போர்ட்டுகள் பில்லோடு சேர்க்க என்னிடம் வந்தன. எல்லா எண்களும் அவள் கையெழுத்தில் எழுதியவை. அடியில் சிட்டிபாபு கையெழுத்துப் போட்டிருந்தான்.