நீலம் தீட்டிய கிணறு

1998 மே மாதம், ஒரு சனிக்கிழமை மதியம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அலையோரத்தில் என் ஆறு வயது மகள் எஸ்தரின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அவளைக் காணவில்லை.

செங்கல்பட்டிலிருந்து எங்கள் தேவாலயச் சபையாக வந்திருந்தோம். சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம்தான் அவளைப் பார்க்காமல் இருந்தேன்.

என் மனைவி மணலில் விழுந்து கதறினாள். எனக்குக் குரலே எழும்பவில்லை. ஒரு மீனவர் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டே, “இன்னா சார், கல்லு மாதிரி நின்னுகினு கீற? புள்ள இன்னா டிரெஸ்ஸு, சொல்லு!” என்று அதட்டினார்.

“மஞ்சள் கவுன்.”

முக்கால் மணி நேரம் கழித்துக் கட்டுமரம் திரும்பி வந்தது. அதில் என்ன கிடக்குமோ என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டேன். “ஆண்டவரே, உடலையாவது கொடும்” என்று ஜெபித்தேன். என் விசுவாசம் அவ்வளவுதான்.

அப்போதுதான் அந்தப் படம் நினைவுக்கு வந்தது. வேதாகமத்தில் வரும் ஆகார், மகனோடு வனாந்தரத்தில். தாகத்தில் சாகிற மகனைப் பார்க்கச் சகிக்காமல் முகம் திருப்பி அழுகிறாள். சில நூற்றாண்டுகளுக்கு முன் செம்புத் தகட்டில் கீறி அச்சிட்ட படம் அது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் வண்ணம் தீட்டுவதற்காக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தேன். ஆகாரின் முதுகுக்குப் பின்னால், கோட்டின்மேல் கோடாக ஓர் இருட்டு. எஸ்தர் அதற்கு நீலம் தீட்டினாள். “அது நிழல்மா” என்று நான் அதன்மேல் கறுப்புப் பென்சிலைத் தேய்த்தேன்.

“இல்லப்பா, கெணறு. அந்தம்மாதான் பாக்கல.”

தலை நிமிர்ந்தேன். எதிரே சவுக்குத் தோப்பு. சவுக்குக் கன்றுகளுக்குத் தண்ணீர் மொள்ள மணலில் கிணறு தோண்டியிருப்பார்களே! நாங்கள் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஓடினேன்.

இரண்டாவது கிணற்றில் மஞ்சள் தெரிந்தது. சரிந்த மணலோடு உள்ளே விழுந்து, மார்பளவு தண்ணீரில், ஒரு வேரைப் பிடித்தபடி நின்றாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. “தாகமா இருந்துச்சுப்பா” என்றாள்.

பின்னாலேயே ஓடிவந்த மீனவர் இறங்கி அவளைத் தூக்கினார். “ஊரே கடல்ல தேடிகினு கீது, நீ இங்க குளிச்சிகினு கீறியா கண்ணு?” என்றவர், துண்டால் தன் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பத்து வருடமாகிறது. அவள் பள்ளியிலிருந்து வரச் சற்றுத் தாமதமானாலும் இன்றும் தெருமுனைக்குப் போய் நின்றுவிடுகிறேன். அந்தத் தாளை வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். என் கறுப்பு மங்கிவிட்டது. அடியில் அவளுடைய நீலம் தெரிகிறது.

நான் கேட்டது உடலை. ஆண்டவர் என் பிள்ளையையே தந்தார். இதை வாசிக்கிற நீங்களும் எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்திருக்கலாம். எழும்பாத குரலோடாவது கேளுங்கள். கேட்டுவிட்டு, ஒருமுறை தலை நிமிர்ந்து பாருங்கள்.