அப்பா கையெழுத்துப் போட்ட உலகம்

எழுபதுகளின் கடைசியில் பெரியப்பா குடும்பம் பிரான்சிலிருந்து காரைக்காலுக்கு வந்திருந்தபோது, எங்கள் வீட்டில் எல்லாமே எனக்கு வெட்கமாக இருந்தது. இரவல் வாங்கிய நாற்காலிகள், விரிசல் விட்ட சுவர், சைக்கிள் கடை மசி போகாத அப்பாவின் நகங்கள். எனக்குப் பத்து வயது. பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு, விரும்பியவர்கள் கையெழுத்துப் போட்டு பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்கலாம் என்றார்களாம். பெரியப்பா போட்டார். அப்பா போடவில்லை. அதுவும் சேர்ந்துதான் என் வெட்கம்.

பெரியப்பா மகன் அங்கே பௌதிகம் படித்துக்கொண்டிருந்தார். மத்தியானம் மீன் குழம்புச் சோற்றைக் கையால் பிசையத் தெரியாமல் திணறியபடியே எனக்கு வேறு உலகங்களைப் பற்றிச் சொன்னார். வானத்துக்கு எல்லையே இல்லையென்றால், எட்டாத தொலைவில் எங்கோ இன்னொரு காரைக்கால் இருக்குமாம். அங்கேயும் நாமே, ஏதோ ஒன்று மட்டும் மாறியிருக்கும். இது வானத்தை ஆராய்கிறவர்கள் சொல்வது. அணுவை ஆராய்கிறவர்களில் சிலர் சொல்வது வேறு: ஒரு துகள் இப்படியும் போகலாம், அப்படியும் போகலாம் என்றால் இரண்டு விதமாகவும் போய்விடுமாம். உலகம் நின்ற இடத்திலேயே இரண்டாகப் பிரியுமாம். பிரிந்தபின் ஒன்றை ஒன்று பார்க்காதாம்.

“அப்ப தூரத்துல இருக்கறதும் இங்கயே பிரியறதும் ஒண்ணாண்ணே?”

“நல்லாக் கேட்ட! வழி வேற வேற. ஆனா, நடந்திருக்கக்கூடியது எல்லாமே எங்கயோ நடக்குதுன்னுதான் ரெண்டும் சொல்லுது. ஒண்ணாவே இருந்தாலும் இருக்கலாம். யாருக்கும் தெரியாது.”

பாராட்டு தலைக்கேறிவிட்டது. “அப்ப அப்பா கையெழுத்துப் போட்ட உலகமும் இருக்கும். அதுல நாம பிரான்சுல பெரிய வீட்ல இருப்போம், இல்லப்பா?”

பரிமாறிக்கொண்டிருந்த பெரியம்மாவின் கை நின்றது. பெரியப்பா தட்டையே பார்த்தார். அப்பா தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

“அந்த உலகத்துல நீ கெடையாதும்மா.”

எனக்குக் காதெல்லாம் சுட்டது. அப்பேர்ப்பட்ட வீட்டுக்கு நான் லாயக்கில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அம்மாவோ தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. எச்சில் கையோடு கொல்லைக்கு ஓடி, கிணற்றுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

கையெழுத்துப் போட்டிருந்தால் அப்பா கல்யாணத்துக்கு முன்பே கப்பலேறியிருப்பார், அம்மாவைப் பார்த்தே இருக்க மாட்டார் என்பது எனக்கு விளங்கப் பல வருஷம் ஆயிற்று. அம்மாவிடம் அவர் ஆசையாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை. அன்று அத்தனை பேர் முன்னால் பேசியிருக்கிறார். நான் அதைத் திட்டு என்று நினைத்து அழுதுகொண்டிருந்தேன்.