ரோஷினிக்காக நான் கேட்டதும் கிடைத்ததும்

போன தவக்காலம் முழுவதும் நான் ஆண்டவரோடு சண்டையில்தான் இருந்தேன்.

ராமநாதபுரத்தில் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. தங்கச்சிமடத்திலிருந்து அருள்மேரி தன் நான்கு வயது மகள் ரோஷினியை வாராவாரம் பஸ்ஸில் அழைத்து வருவாள். பிள்ளைக்குப் பிறவியிலேயே காது மந்தம். அரசாங்கம் கொடுத்த மெஷின் இரண்டு காதிலும் இருக்கும். சோதித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் மாதங்கள் ஓடியும் ஒரு சொல் வரவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பக்கூட மாட்டாள்.

ஒருநாள் அருள்மேரி அழுதுகொண்டே வந்தாள். "பள்ளிக்கூடம் தொறக்கவும் காது கேக்காத புள்ளைகளுக்கான வெளியூரு ஹாஸ்டல்ல விட்டுருவோம்னு வீட்டுல சொல்றாக டீச்சர். எம்புள்ளைய விட்டுட்டு நான் எப்புடி இருப்பேன்?"

அன்று மாலை கோவிலில் முழந்தாளிட்டேன். மரியாதையாக எல்லாம் கேட்கவில்லை. "பிள்ளையின் வாயைத் திறந்துவிடும். முடியாவிட்டால் எனக்கு வேறு வேலையாவது காட்டும்" என்று அழுதேன்.

என்னைப் போன்ற பயிற்சியாளர்கள் பயிற்சி பலிக்காத பிள்ளைகளைப் பற்றி மூத்தவர்களிடம் யோசனை கேட்கும் கூட்டம், மாதம் ஒருமுறை செல்போனில் நடக்கும். அந்த வாரம் ரோஷினியைப் பற்றிச் சொன்னேன். மதுரையிலிருந்து பேசிய மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீட்டுல அவ எப்படி இருக்கான்னு பாத்திருக்கியாம்மா?" என்றார். இல்லை என்றேன். "ஒருநாள் போய் சும்மா உக்காந்துட்டு வா. பாடம் எடுக்காத."

எரிச்சல்தான் வந்தது. வழி கேட்டால் விருந்துக்குப் போகச் சொல்கிறாரே! இருந்தாலும் சனிக்கிழமை போனேன்.

ரோஷினி வாசல் மணலில் சிப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள். காதில் மெஷின் இல்லை. என்னைக் கண்டதும் அருள்மேரி உள்ளே ஓடினாள். மாதா சுரூபத்தின் காலடியில் இருந்த டப்பாவைத் திறந்து, மெஷினை எடுத்து வந்து மகளுக்கு மாட்டினாள்.

"வீட்டில் போடுவதில்லையா?"

"அய்யோ, உப்புத்தண்ணி பட்டா வீணாப் போயிரும்ல டீச்சர்! உங்ககிட்ட வாரப்பவும் பூசைக்கும்தான் போடுவேன். மத்த நேரம் மாதா பாத்துக்கிருவா."

நகையைப் போலப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. என் வாய் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அன்று ஏனோ ஒரு வார்த்தை வரவில்லை, அழுகைதான் வந்தது. அதையும் ஆண்டவரின் வேலை என்றே நம்புகிறேன். தாயைத் திட்டியிருந்தால் அந்த வீட்டுக் கதவு எனக்கு மூடியிருக்கும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்கக் கேட்கத்தான் பேச்சு வரும் என்று விளக்கினேன். வாசல் ஓரம் வலை பின்னிக்கொண்டிருந்த அருள்மேரியின் கணவர், வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெல்லிய நைலான் நூலை எடுத்து, மெஷின் கழன்றாலும் கீழே விழாதபடி பிள்ளையின் சட்டையோடு சேர்த்துக் கட்டினார். குளிக்கும்போதும் தூங்கும்போதும் மட்டும் கழற்றி, ஈரம் போக உலர வைப்பது என்று முடிவானது. ஹாஸ்டல் பேச்சைக் கொஞ்ச நாள் தள்ளி வைத்தார்கள்.

மழைக்காலத்துக்குள் பெயரைச் சொன்னால் திரும்பினாள். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது சத்தங்கள் வந்தன. ஹாஸ்டல் பேச்சு அதோடு நின்றது.

அன்பானவர்களே, நான் அற்புதம் கேட்டேன். ஆண்டவர் எனக்கு ஒரு கேள்வியை அனுப்பினார். உங்களுக்கும் வழி அடைத்ததுபோல் இருந்தால் ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு நாலு பேரிடம் கேளுங்கள். யார் வாயிலிருந்து பதில் வரும் என்று நமக்குத் தெரியாது.

புத்தாண்டுப் பூசைக்கு அவர்கள் ஊருக்குப் போயிருந்தேன். பெண்கள் பக்கம் அம்மாவோடு இருந்த ரோஷினி, கோவிலே அமைதியாக இருந்த நேரத்தில், ஆண்கள் பக்கம் பார்த்து "அப்பா!" என்று கத்தினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அப்பா அதட்டவில்லை. இருந்த இடத்திலிருந்தே, கோவில் முழுக்கக் கேட்கும்படி, "என்னத்தா?" என்றார்.