கயிறு என் கையில் இருந்தவரை

புன்னைக்காயலில் ஒரு வள்ளத்துக்குத் தார் பூசிக்கொண்டிருந்தேன். தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய பக்கத்து வீட்டு லாசர், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "மிக்கேல் அண்ணாச்சி காலையில போயிட்டாவ. அக்கா ஒம்மக் கூட்டிட்டு வரச் சொன்னாவ." கையில் ஒட்டிய தாரைக்கூடத் துடைக்காமல் பஸ் ஏறினேன்.

மிக்கேல் என் அக்கா ஞானத்தின் கணவர். சங்கு குளிப்பவர். அவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை பல ஆண்டுகள் என் கையில் இருந்தது. மனைவியின் உடன்பிறந்தவனே கயிறு பிடிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவன் சம்மதிப்பான்? அடியில் மூச்சு முட்டினால் மச்சான் கயிற்றை இரண்டு உதறு உதறுவார். நான் மேலே இழுத்துவிடுவேன்.

அரசாங்கமே சாராயக் கடைகளைத் திறந்த ஆண்டுகளில் அவர் மூழ்கியது கரையில்தான். அக்காவின் கம்மல் முதல் சோற்றுப்பானை வரை கடைக்குப் போயிற்று. குடித்தால் கையும் நீளும். அக்காவின் முன்பல் ஒன்று அப்படிப் போனதுதான். ஒருநாள் கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, "மாப்ளே, கடையத் தாண்டுத வரைக்கும் பிடிச்சுக்க. நான் இழுத்தாலும் விட்ராத" என்றார். தெருவே சிரித்தது. "ஏலே, மாட்டச் சந்தைக்குக் கொண்டு போறியா?" என்று கேட்டார்கள். மச்சான் தலை நிமிரவில்லை. மறுநாளும் மணிக்கட்டை நீட்டினார்.

கோயில் திருவிழாவில் ஒருமுறை மறுபடி குடியில் விழுந்தார். மறுநாள் கண் சிவந்து வந்து நின்றவரை நான் திட்டித் தீர்த்தேன். "ஒரு நாளு மூச்சு தவறிட்டுன்னு மறுநாளு முங்காம இருந்தமா? கட்டுலே" என்றார். பின்னர் அரசாங்கம் கடைகளை மூடியது. இனிக் கயிறு எதற்கு என்றேன். "கடையத்தான் மூடிருக்காவ. கள்ளச்சாராயம் வாசலுக்கே வருது" என்றார். படுக்கையில் விழும்வரை அந்த நடை நிற்கவில்லை. அந்தத் திருவிழாவுக்குப் பிறகு ஒரு சொட்டும் அவர் தொடவில்லை.

திருந்திய மனிதரை ஈரல் மன்னிக்கவில்லை. வயிறு வீங்கிப் படுத்துவிட்டார். இது அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அவருடைய கடைசி நேரத்தை அக்கா சொன்னாள்: "வலி தாங்காமத் துடிச்சாவ. ஒரு வாய் சாராயம் ஊத்துங்கன்னு பெரியப்பா சொன்னாரு. பல்லக் கடிச்சுக்கிட்டாவ. ஒன்னத்தான் தேடுனாவ. நான் கையப் பிடிச்சுக்கிட்டேன். ரெண்டு தரம் வெடுக்குன்னு ஒதறுனாவ. குளிருதாக்கும்னு போர்த்திவிட்டேன். அப்புறம் அசையல."

அக்கா வள்ளத்தில் ஏறியதே இல்லை. அந்த இரண்டு உதறல் என்னவென்று நானும் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு எழுத்து தெரியாது. இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

திறந்த பெட்டியில் கிடந்த மச்சானின் மணிக்கட்டில் அதே கயிற்றைச் சுற்றினேன். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கல்லறைத் தோட்டம்வரை நடந்தேன். பழைய சாராயக் கடை இருந்த இடத்தைத் தாண்டினோம். யாரும் சிரிக்கவில்லை. பெட்டி குழிக்குள் இறங்கியபோதுதான் கயிற்றை விட்டேன்.

போய் வாருங்கள், மச்சான்.